சாக்லேட் ரேப்பிங் லைன்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

பேசப்போவது இப்படி ஒரு லைனைப் பற்றி: அச்சில் வார்த்த 10 கிராம் மில்க் சாக்லேட் கூலிங் டனலிலிருந்து வரிசை வரிசையாக வெளியே வருகிறது. பெல்ட்டுகள் அதை ஒற்றை வரிசையாக்கி ஃப்ளோ ரேப் மெஷினுக்குக் கொடுக்கின்றன. அங்கே ஒவ்வொன்றும் ஃபிலிம் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தனித்தனியாகச் சுற்றப்பட்டு, ஒன்று ரோபோ கையால் ட்ரேயில் அடுக்கப்படுகிறது, இல்லையென்றால் எண்ணி 200 கிராம் பையில் விழுகிறது. வேகம் நிமிடத்துக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். மெஷின் எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்துப் பட்டன்களின் பெயர் மாறும், கோளாறு மாறாது.

இந்த லைனில் எல்லாக் குற்றமும் ரேப்பர் மெஷின் தலையில்தான் விழும். ஏனென்றால் எல்லாம் வெளியே தெரிவது அங்கேதான். ஆனால் அங்கே தெரிகிற கோளாறில் பெரும்பாதி அங்கே பிறந்ததில்லை. டனலில், அறையின் ஈரப்பதத்தில், ஃபிலிம் ஸ்டோரில் பிறந்து, ஓடிவந்து அங்கே முட்டி நிற்கிறது. அதனால் திரையில் ஒரு எண்ணை மாற்றத் தோன்றும்போதெல்லாம் ஒரு ஸ்டேஷன் பின்னால் நடந்து போய்ப் பாருங்கள்.

கை வைக்கும் முன்

முதல் வேலை, திரையில் இப்போது இருக்கிற எண்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்வது. இரண்டாவது, வெளியே வரும் பாக்கெட்டுகளில் தொடர்ச்சியாக ஒரு நாற்பதை, வரிசை குலையாமல் எடுத்து மேசையில் பரப்புவது. தொட்டியிலிருந்து அள்ளி வந்தவை உதவாது. எதற்குப் பின் எது வந்தது என்று தெரிய வேண்டும். கோளாறு எத்தனை பாக்கெட்டுக்கு ஒரு முறை திரும்புகிறது என்பதுதான் பாதி விடை.

ஃபிலிமை அழுத்தி ஒட்டி வெட்டும் தாடையான ஜா பக்கம் கை போகும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். உள்ளே கத்தி இருக்கிறது, சூட்டால் ஒட்டும் ஹீட் சீல் மெஷின் என்றால் சூடும் இருக்கிறது. மூடி திறந்தால் மெஷினை நிறுத்தும் கார்டு சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றி ஓட விட்டுப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிப் பார்த்துத்தான் தீர வேண்டிய கோளாறு எதுவும் இந்த மெஷினில் இல்லை. கைச்சக்கரத்தால் மெதுவாகச் சுற்றினாலே எல்லாம் தெரியும்.

ஜா சாக்லேட்டையே வெட்டுகிறது

இதில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சாக்லேட்டின் நீளம் 40 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்றால், ஃபிலிம் இரு முனையிலும் சரிந்து இறங்க அந்த 12 மி.மீ. போய்விடும். பாக்கெட்டின் இரு முனையையும் மூடும் எண்ட் சீல் இரண்டுக்கும் தலா 8 மி.மீ. மொத்தம் 68. வெட்டு நீளம் 72 என்றால் மிஞ்சுவது 4 மி.மீ. அதாவது சாக்லேட் தன் இடத்திலிருந்து முன்னேயோ பின்னேயோ 2 மி.மீ. நகர்ந்தாலே ஜாவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 300 என்றால் ஒரு சாக்லேட்டுக்கு மெஷின் தரும் நேரம் 200 மில்லி விநாடி. இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால் எதைத் தேடுகிறோம் என்பது புரியும்.

மேசையில் பரப்பியதைப் பாருங்கள். எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே முனைதான் கடிபட்டிருக்கிறது என்றால், ஜாவுக்கும் சாக்லேட்டை உள்ளே தள்ளிவரும் இன்ஃபீட் செயினுக்கும் உள்ள நேரப் பொருத்தம், அதாவது ஃபேஸ், பிசகியிருக்கிறது. திரையிலேயே ஒரு மி.மீ., ஒரு மி.மீ. ஆக நகர்த்திச் சரிசெய்யலாம். இந்த அறிகுறிக்குத் திரையே மருந்து.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை கடிபடுகிறதா? செயினில் எத்தனை லக் (சாக்லேட்டைத் தள்ளும் கொம்பு) என்று எண்ணுங்கள். 24 லக் உள்ள செயினில் ஒவ்வொரு 24-ஆவது பாக்கெட்டும் கெட்டால், வளைந்த லக் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று கெட்டால், தலையில் இரண்டு ஜோடி ஜா உள்ள மெஷின்களில் அந்த ஒரு ஜோடியைப் பாருங்கள். அடையாளம் வைக்க சாதாரண மார்க்கர் பேனாவை லைனுக்குள் கொண்டுபோகாதீர்கள். மெட்டல் டிடெக்டரில் மாட்டுகிற நீலப் பேனாக்கள் இதற்கென்றே விற்கின்றன.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிபட்டால் சாக்லேட் வழுக்குகிறது. எங்கே? பெரும்பாலும் செயின் விட்டு ஃபிலிம் குழாய்க்குள் நுழைகிற அந்தக் கைமாறும் இடத்தில். ஃபிலிம் தளர்வாக இருந்தால் சாக்லேட்டைப் பிடித்துக்கொள்ளாது. மேலே லேசாக அழுத்தும் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செயின் தளர்ந்து லக் தாமதமாகத் தள்ளலாம். இவை எதுவுமில்லை என்றால் ஒரு சாக்லேட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். விரலில் பழுப்புக் கறை ஒட்டினால் சாக்லேட் இன்னும் இறுகவில்லை. அடிப்பாகம் தட்டில் தீற்றிக்கொண்டே வருகிறது. ஒன்று ஒட்டி நிற்கிறது, அடுத்தது சறுக்குகிறது. ஃபேஸை எத்தனை முறை திருத்தினாலும் இது நிற்காது. டனலுக்குப் போங்கள்.

வெட்டு நீளத்தைக் கூட்டித் தப்பிப்பது ஒரு குறுக்கு வழி. அச்சிட்ட ஃபிலிமில் அது நடக்காது, அச்சின் நீளம்தான் வெட்டு நீளம். வெற்று ஃபிலிமில் நடக்கும். ஆனால் பாக்கெட்டுக்கு 2 மி.மீ. கூட்டினால் எட்டு மணி நேர ஷிஃப்டில் 1,44,000 பாக்கெட்டுக்கு 288 மீட்டர் ஃபிலிம் வீண். அந்தக் கணக்கை ஸ்டோர்காரர் மாதக் கடைசியில் கேட்பார்.

அச்சு நகர்கிறது: பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது

இதற்கு மூன்று முகம் உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு.

ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறது என்றால் அடிப்படை நீளம் தப்பு. திரையில் 72.0 என்று இருக்கிறது, ஃபிலிமில் உண்மையான அச்சு 72.2 என்றால் பாக்கெட்டுக்கு 0.2 மி.மீ. வீதம் நூறு பாக்கெட்டில் 20 மி.மீ. போய்விடும். ஃபிலிமில் அச்சிட்ட அடையாளக் கட்டத்தை (ஐ மார்க்) படிக்கும் சென்சார் இதைத் திருத்தப் பார்க்கும். திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. திரையில் திருத்தம் எப்போதும் ஒரே பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். ரோலிலிருந்து பத்து அச்சு நீளத்தை மேசையில் இழுக்காமல் விரித்து அளந்து பத்தால் வகுங்கள். அதுதான் போட வேண்டிய எண். ரோலுக்கு ரோல் இது கொஞ்சம் மாறும். பிரிண்ட் செய்யும்போது ஃபிலிம் எவ்வளவு இழுபட்டது என்பதைப் பொறுத்தது அது.

ஒழுங்கில்லாமல் துள்ளுகிறது என்றால் சென்சார் எதையோ மார்க் என்று தப்பாக எடுக்கிறது, அல்லது சில மார்க்கை விட்டுவிடுகிறது. லென்ஸில் கோக்கோ தூள் படிந்திருக்கும், முதலில் துடையுங்கள். சென்சாருக்கு முன்னால் ஃபிலிம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அது ஒரு ரோலர் மேல் படிந்து ஓடுமாறு இடத்தை மாற்றுங்கள். வெள்ளிப் பூச்சு ஃபிலிமில் ஒளி நேராகத் திரும்பி வந்து கண்ணைக் கூசவைக்கும். சென்சாரைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினால் சரியாகும். வெள்ளைப் பின்புலத்தில் சிவப்பு அல்லது மஞ்சள் மார்க் போட்டிருந்தால் சிவப்பு ஒளி சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்பு மார்க்குக்குப் பச்சையோ நீலமோ, மஞ்சள் மார்க்குக்கு நீலம் தருகிற சென்சார் வேண்டும். இதை டிசைன் போடுகிறவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அழகுக்காக மார்க்கின் நிறத்தை மாற்றிவிட்டு, அடுத்த ரோலில் மெயின்டனன்ஸ்காரரைக் கூப்பிடுவது வழக்கம். மார்க்கைத் தேடும் ஜன்னலையும் (எந்த நீளத்துக்குள் தேட வேண்டும் என்ற எல்லையை) சுருக்கிவையுங்கள். ஜன்னல் அகலமாக இருந்தால் டிசைனில் உள்ள எழுத்தே மார்க் ஆகிவிடும்.

ரோல் மாற்றிய உடனே ஒரே அடியாக நகர்ந்து அப்படியே நிற்கிறது என்றால் ஒட்டு போட்ட இடத்தில் மார்க்குக்கு மார்க் சேர்க்கவில்லை. இல்லையென்றால் ஃபிலிமை ஒரு ரோலர் விட்டுக் கோத்திருக்கிறார்கள். மெஷின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கோக்கும் படத்தைப் பார்த்தால் போதும்.

சீல் பிரிந்துகொள்கிறது

இங்கேதான் அதிக நேரம் வீணாகும், அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம். முதல் கேள்வி: ஓடுவது ஹீட் சீல் ஃபிலிமா, கோல்டு சீல் ஃபிலிமா?

சாக்லேட் 34 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும் பண்டம் என்பதால், பல லைன்களில் கோல்டு சீல்தான். ஃபிலிமின் உட்புறத்தில், சீல் விழ வேண்டிய பட்டையில் மட்டும், ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்ட ஒரு பூச்சு இருக்கும். அது தன்னோடு மட்டுமே ஒட்டும். அதற்கு வேண்டியது அழுத்தம், சூடு இல்லை. ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் ஆப்பரேட்டர் சொன்னார்: “சார், டெம்பரேச்சரை அஞ்சு அஞ்சா ஏத்திப் பார்த்துட்டேன், ஒட்டவே மாட்டேங்குது.” ஓடிக்கொண்டிருந்தது கோல்டு சீல் ரோல். முந்தின வாரம்தான் ஹீட் சீலிலிருந்து மாற்றியிருந்தார்கள், ஹீட்டரை அணைக்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜாவின் பற்களில் பூச்சு பிசின் மாதிரி இழுபட்டு நின்றது. ரோல் லேபிளில் இதை எழுதி அனுப்புவார்கள். லேபிளைக் கிழித்துப் போடாமல் மெஷினில் ஒட்டிவைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள்.

கோல்டு சீல் பிரிந்தால் சோதிக்க வேண்டிய வரிசை இது.

ரோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பூச்சுப் பட்டைகளை ஒன்றோடொன்று வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். அதுவே பிரிந்தால் மெஷினைத் தொடாதீர்கள். ஃபிலிம் பழசாகியிருக்கிறது, அல்லது வெயிலும் சூடும் பட்ட ஸ்டோரில் கிடந்திருக்கிறது. இந்தப் பூச்சுக்கு ஆயுசு மாதக் கணக்குதான். முதலில் வந்த ரோல் முதலில் போக வேண்டும். ரோல் பிரியும்போது வரும் சத்தத்தையும் கவனியுங்கள். சரியான ரோல் சன்னமாகச் சரசரக்கும். இறுகச் சுற்றிச் சூட்டில் கிடந்த ரோல் ‘டர்ர்’ என்று கிழிகிற சத்தத்தோடு பிரியும். பூச்சு அடுத்த சுற்றின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அப்புறம் உள்ளே ஒட்ட எதுவும் மிச்சமிருக்காது.

கட்டைவிரல் சோதனையில் ஒட்டுகிறது, மெஷினில் ஒட்டவில்லை என்றால் சீல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். எண்ட் சீல் பூச்சு ஃபிலிமின் குறுக்கே பட்டை பட்டையாக, அச்சோடு சேர்த்தே போடப்பட்டிருக்கிறது. அச்சு 3 மி.மீ. நகர்ந்தால் பூச்சுப் பட்டையும் 3 மி.மீ. நகரும், ஜாவின் ஒரு பகுதி வெறும் ஃபிலிம் மேல் மூடும். அதாவது சீல் புகாராக வந்தது உண்மையில் மேலே சொன்ன அச்சுக் கோளாறு. பெயர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழுத்தத்தைத் தொடுங்கள்.

இடமும் சரி என்றால் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கோ தூளோ இருக்கிறதா? கோக்கோ வெண்ணெய் மெல்லிசாகப் படிந்தாலே சீல் போச்சு. உடைந்த துணுக்கு, நட்ஸ் தூள் எல்லாம் இதே கதை. இன்ஃபீடில் தூள் உறிஞ்சும் குழாய் இருந்தால் அதன் ஃபில்டரைப் பாருங்கள்.

கடைசியில்தான் ஜா. மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் சேர்த்து ஜாவுக்கு நடுவில் வைத்து, கைச்சக்கரத்தால் ஒரு சுற்று மூடித் திறங்கள். தாளில் விழுகிற கோடுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கருமையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்தால் ஜா இணையாக இல்லை. நடுவில் மட்டும் வெளுத்தால் தேய்மானம். கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று சரியாக இறங்கவில்லை. அந்தத் தாளில் தேதி போட்டு எடுத்துவையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது ஒன்றே போதும். பற்களில் சேர்ந்த பூச்சைப் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள். இரும்பு பிரஷ் பல்லைக் கீறும், அதன் கம்பி முறிந்து சாக்லேட்டோடு போனால் அது இன்னொரு பெரிய தலைவலி.

ஹீட் சீல் என்றால் கதை வேறு. சுழலும் ஜா ஃபிலிமை அழுத்திப் பிடிக்கிற நேரம் வேகத்துக்கு நேரெதிராகக் குறையும். 300-லிருந்து 450-க்கு வேகத்தை ஏற்றினால் அந்த நேரம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். வேகத்தைக் கூட்டிய நாளில்தான் சீல் புகார் தொடங்கியது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். திரையில் காட்டும் வெப்பமும் ஜாவின் முகத்தில் உள்ள வெப்பமும் ஒன்றல்ல. தொடும் வெப்பமானியால் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். ஹீட்டர் ராடு ஒன்று செத்திருந்தாலும் திரை ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு கசிவு உண்டு. எண்ட் சீலில் எப்போதும் நடுவில், பாக்கெட்டின் நீளவாக்கில் ஓடும் சென்டர் சீல் மடிந்து கிடக்கும் இடத்தின் ஓரத்திலேயே வாய் திறக்கும். அங்கே இரண்டு அடுக்கு ஃபிலிம் நான்கு அடுக்காக மாறுகிறது. அந்தப் படிக்கட்டில் ஜா முழுதாக இறங்காமல் ஒரு சின்னச் சந்து நிற்கும். தண்ணீருள்ள வாக்குவம் ஜாடியில் பாக்கெட்டை மூழ்கவைத்துக் காற்றை உறிஞ்சினால் குமிழி அந்த இடத்திலிருந்துதான் கிளம்பும். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஃபிலிம் தருகிறவரிடம் பூச்சின் கனத்தைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

சென்டர் சீல் கோணல், ஃபிலிமில் சுருக்கம்

ஃபிலிம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறது. ரோல் தன் தண்டில் நடுவாக நிற்கிறதா, ஃபிலிமைக் குழாயாக மடிக்கும் ஃபார்மரின் அகலமும் உயரமும் இந்த சாக்லேட்டுக்கானதுதானா, இழுக்கும் வீல்களில் ஒன்று தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சைஸ் மாற்றிய பிறகு வருகிற சுருக்கத்துக்கு அநேகமாக ஃபார்மர்தான் காரணம். ரோலின் பிரேக்கை இறுக்கிச் சுருக்கத்தை நீக்கப் பார்த்தால் ஃபிலிம் இழுபட்டு அச்சு நீளம் மாறும், மேலே சொன்ன இரண்டாவது கோளாறை நீங்களே வரவழைத்த மாதிரி ஆகும்.

ரேப்பரைப் பிரித்தால் சாக்லேட் வெளுத்திருக்கிறது

பேக்கிங் நாளில் எல்லாம் பளபளவென்று இருக்கும். புகார் சில வாரம் கழித்துக் கடையிலிருந்து வரும். முதலில் எந்த வெள்ளை என்று பிரிக்க வேண்டும். விரலால் மெதுவாகத் தேய்த்தால் சூட்டில் கரைந்து மறைகிற, வழவழப்பான வெள்ளை கொழுப்பு பூத்தது. தேய்த்தும் போகாமல் சொரசொரவென்று இருப்பது சர்க்கரை பூத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தாலும் தெரியும்: கொழுப்பின் மேல் சொட்டு உருண்டு நிற்கும், சர்க்கரையின் மேல் பரவிக் கரையும்.

சர்க்கரை வெள்ளை என்றால் எங்கேயோ தண்ணீர் பட்டிருக்கிறது. யாரும் ஊற்றவில்லை, காற்று கொடுத்தது. பேக்கிங் அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று இருக்கும்போது பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 9 டிகிரி. டனலிலிருந்து 15 டிகிரியில் வருகிற சாக்லேட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஐப்பசி மழையில் ஏசி ஒன்று நின்று, லோடிங் கதவும் திறந்து கிடந்து, அறை 26 டிகிரி, 80 சதவீதம் என்று ஏறிவிட்டால் பனிநிலை 22 டிகிரிக்கு மேல் போய்விடும். அதே 15 டிகிரி சாக்லேட் இப்போது ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தோடு ரேப்பர் மூடும். மெஷினில் எந்த எண்ணும் இதைக் காட்டாது. டனல் வாயில் ஒரு ஈரப்பதமானியை மாட்டி, சாக்லேட்டின் மேற்பரப்பு வெப்பத்தோடு சேர்த்து மணிக்கொரு முறை எழுதிவைப்பது மட்டுமே வழி.

கொழுப்பு வெள்ளை என்றால் டெம்பரிங், அதாவது உருகிய சாக்லேட்டை வார்க்கும் முன் சரியான படிகமாக இறுகும்படி பக்குவப்படுத்தும் வேலை. கோக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகமாக இறுகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது, அதுதான் 34 டிகிரி அளவில் உருகுவது. பளபளப்பும் ‘டக்’ என்று உடைகிற தன்மையும் அதற்குத்தான். டெம்பரிங் குறைந்தாலோ, டனலில் அவசரமாகக் குளிர்ந்தாலோ, வெளியே இறுகித் தெரியும் சாக்லேட் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். இறுகும்போது வெப்பத்தை வெளியே விடும். அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிய பிறகு அந்த வெப்பத்துக்குப் போக வழியில்லை. பெட்டியின் நடுவில் இருப்பவை அதிகமாகவும் ஓரத்தில் இருப்பவை குறைவாகவும் வெளுத்திருந்தால் இதுதான் என்று சந்தேகியுங்கள்.

ஹீட் சீல் லைனில் இன்னொன்று: மெஷின் நின்ற நேரத்தில் சூடான வீல்களுக்கு நடுவில் மாட்டியிருந்த பாக்கெட்டுகள். நிறுத்தம் முடிந்து ஓட்டும்போது அவையும் நல்லவற்றோடு போய்ச் சேரும். எத்தனை பாக்கெட் அந்த நீளத்தில் நிற்கும் என்று ஒரு முறை எண்ணி, அத்தனையையும் தானாகத் தள்ளிவிடுமாறு மெஷினை இயக்கும் கணினியான பிஎல்சியில் போடச் சொல்லுங்கள்.

இன்ஃபீடில் அடைக்கிறது, ஒரு பாக்கெட்டில் இரண்டு வருகிறது

இரண்டு சாக்லேட் முதுகும் மூக்கும் ஒட்டி வந்தால் சென்சார் அதை ஒரே நீளமான துண்டாகப் பார்க்கும். நீளம் ஒரு எல்லையைத் தாண்டினால் வெளியே தள்ளு என்ற விதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் தவறுகிறது என்றால் இடைவெளியை உண்டாக்கும் பெல்ட்டுகளில் சறுக்கல். அடுத்தடுத்த பெல்ட்டுகள் வேறு வேறு வேகத்தில் ஓடித்தான் சாக்லேட்டுகளைப் பிரித்து நிறுத்துகின்றன. பெல்ட்டில் கொழுப்புப் படிந்து வழவழத்துப்போனால் வேகம் மாறினாலும் சாக்லேட் மாறாது.

உடனே தண்ணீர் விட்டுக் கழுவக் கிளம்பாதீர்கள். சாக்லேட் லைனில் ஈரம் என்பது சால்மோனெல்லாவுக்கு வாசல். உலர்ந்த நிலையில் வளராமல் கிடக்கும் கிருமிக்குத் தேவை கொஞ்சம் தண்ணீர்தான். சுரண்டி, துடைத்து, உணவுத் தொழிலுக்கு அனுமதித்த ஆல்கஹால் துடைப்பானால் முடிக்க வேண்டும்.

அடைப்பு அடிக்கடி வந்தால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: ரேப்பர் நிற்கும்போது வார்க்கும் பக்கம் என்ன செய்கிறது? டெம்பரிங்கும் டனலும் நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்டுகிறவை அல்ல. நடுவில் தேக்கிவைக்க பஃபர் இல்லாத லைனில், ரேப்பரின் இரண்டு நிமிட நிறுத்தம் அறுநூறு சாக்லேட்டாகத் தட்டில் குவியும். அதைக் கையால் அள்ளி மறுபடி இன்ஃபீடில் போடும்போது உடைந்தது, கீறியது, திரும்பியது எல்லாம் உள்ளே போய் அடுத்த அடைப்பை உண்டாக்கும். இந்தச் சுழலில் மாட்டிய லைனுக்கு வேண்டியது பஃபர், அல்லது வார்ப்பதைவிட வேகமாக ஓடக்கூடிய ரேப்பர். சென்சார் மாற்றி இதைத் தீர்த்தவர்கள் இல்லை.

ரோபோ எடுக்காமல் விடுகிறது, பாதியில் போடுகிறது

மேலிருந்து தொங்கும் மூன்று கை டெல்டா ரோபோவுக்கும் சாக்லேட்டுக்கும் பழைய சொந்தம். 1980-களில் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் ரேமோன் கிளாவெல் இதை உருவாக்கியபோது, அதற்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு சாக்லேட் தயாரிப்பாளரின் இடத்தைப் போய்ப் பார்த்ததும், பிராலின் எனும் சிறு சாக்லேட்டுகளைப் பெட்டியில் அடுக்க ஒரு ரோபோ வேண்டும் என்ற எண்ணமும்தான். அப்படிப்பட்ட ரோபோ சாக்லேட்டை எடுக்கத் தடுமாறினால் காரணம் அதன் கையில் இருப்பது அபூர்வம்.

எடுத்துவிட்டு நடுவழியில் போட்டால், உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம்தான் காரணம். கப்பின் உதடு கிழிந்திருக்கும், அல்லது ஃபில்டர் கோக்கோ தூளில் அடைத்திருக்கும். சுற்றிய பாக்கெட்டை எடுக்கும் லைனில், சென்டர் சீல் மேல் பக்கம் வந்தால் கப் அந்த மடிப்பின் மேல் உட்கார்ந்து காற்றை விடும். மடிப்பு கீழே இருக்கும்படி பாக்கெட் வரவேண்டும்.

இடம் தவறி எடுத்தால் எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள். பெல்ட் ஓடும் திசையிலேயே தவறுகிறது, வேகம் கூடக்கூடத் தவறும் அளவும் கூடுகிறது என்றால் கேமரா எடுத்த படத்துக்கும், பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும் என்கோடரின் எண்ணிக்கைக்கும் நடுவில் நேரம் பிசகுகிறது, அல்லது என்கோடர் வீல் பெல்ட்டில் சறுக்குகிறது. குறுக்குத் திசையில் தவறினால் கேமராவின் அளவுத்திருத்தம். பெல்ட் மாற்றிய பிறகு அதைச் செய்தார்களா என்று விசாரியுங்கள். சில பாக்கெட்டைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் வெள்ளி ஃபிலிமின் பளபளப்பு. விளக்கை மாற்றி, ஒளி எல்லாப் பக்கமும் பரவி விழுமாறு மூடி போட்ட விளக்காக வையுங்கள். கேமரா செட்டிங்கில் எவ்வளவு திருகினாலும் கிடைக்காத பலன் அதில் கிடைக்கும்.

மெட்டல் டிடெக்டர் நல்லதையும் தள்ளுகிறது

சாக்லேட் உலர்ந்த பண்டம், டிடெக்டருக்குத் தொந்தரவு தராது. தொந்தரவு தருவது அலுமினியம். மெல்லிய வெள்ளிப் பூச்சை ஓரளவு சமாளிக்கலாம், முழு அலுமினியத் தாளில் சுற்றிய பிறகு சாதாரண டிடெக்டர் பயனில்லை. சுற்றுவதற்கு முன்னாலேயே டிடெக்டரை வையுங்கள், முடியாவிட்டால் எக்ஸ்ரே. இடம் சரியாக இருந்தும் தள்ளுகிறது என்றால் எந்த நேரத்தில் தள்ளுகிறது என்று குறியுங்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தோடு ஒத்துப்போனால் மின் இரைச்சல். டிரைவ் கேபிள் டிடெக்டருக்குப் பக்கத்தில் ஓடுகிறதா பாருங்கள். பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு தளர்ந்த போல்ட்டும் இதே வேலையைச் செய்யும். உணர்திறனைக் குறைத்து அமைதியாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். குறைத்தால் இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் என்று மூன்று சோதனைத் துண்டும் மறுபடி பிடிபடுகின்றனவா என்று காட்டியாக வேண்டும்.

எடை சரி, எண்ணிக்கை குறைவு

200 கிராம் பையில் இருபது இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பத்தொன்பதுதான் இருந்தது என்கிறார், ஓடும் பையை எடை போடும் செக்வெயரின் பதிவோ எல்லாம் சரி என்கிறது. செக்வெயரைக் கழற்ற வேண்டாம், சாக்லேட் ஒன்றை எடை போட்டுப் பாருங்கள். அச்சில் சாக்லேட்டை ஊற்றும் டெபாசிட்டர் ஒரு சாக்லேட்டுக்கு அரை கிராம் கூட ஊற்றிக்கொண்டிருந்தால் பத்தொன்பது சாக்லேட்டே 199.5 கிராம் வந்துவிடும். குறைந்துபோன ஒன்று அந்தக் கூடுதலுக்குள் ஒளிந்துகொள்ளும். கம்பெனிக்கு இதில் இரட்டை நஷ்டம்: மற்ற பைகளிலெல்லாம் 10 கிராம் இனாமாகப் போகிறது, இந்தப் பையில் கெட்ட பெயர் வருகிறது.

இதற்கு நேர்மாறாக டெபாசிட்டர் எடையைக் குறைத்தால் இருபதும் இருந்தும் பைகள் வரிசையாகத் தள்ளப்படும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி 200 கிராம் பொட்டலத்தில் அனுமதிக்கப்படும் பிழை 9 கிராம். ஒரு சாக்லேட் விடுபட்டாலே 10 கிராம். அதனால் எண்ணிக்கையை எடையிடம் மட்டும் விடாமல், பைக்குள் விழும் வாயில் எண்ணும் சென்சாரும் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது டெபாசிட்டருக்கு ஆள் அனுப்புங்கள்.

செக்வெயர் எண்ணே நிலையில்லாமல் ஆடினால் மேலே நிமிர்ந்து ஏசி காற்று எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். தட்டின் மேல் ஒரு மூடி போட்டால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

மறுபடி ஓட்டும்போது

முதலில் எடுத்த மொபைல் படத்தையும் இப்போதைய திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணம் டனலில் இருந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும், நடுவில் யாரோ மாற்றிய ஃபேஸ், ஏற்றிய அழுத்தம், கூட்டிய வெப்பம் எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றைப் பழைய எண்ணுக்குத் திருப்பிவிட்டு, பாதி வேகத்தில் ஓட்டி, மறுபடி நாற்பது பாக்கெட்டை வரிசை குலையாமல் எடுத்துப் பரப்பிப் பாருங்கள். எந்த எண்ணைத் திருப்பினீர்கள், எதை மாற்றியபடியே விட்டீர்கள், ஏன் என்பதை ஷிஃப்ட் நோட்டில் எழுதிவிட்டு முழு வேகத்துக்குப் போகலாம்.